கொடைக்கானலா, அடுப்படியா? போட்டோ எடுத்துப் பழக எங்கே தொடங்கலாம்

அக்கா மகன் போன மே மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினான். கூடவே தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் 18-55 ஜூம் லென்ஸ் ஒன்றும் ஜூம் இல்லாத 50 எம்எம் லென்ஸ் ஒன்றும் வந்தன. வாங்கிய அன்று ராத்திரியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். "மாமா, கொடைக்கானல் போய் நாலு நாள் தங்கி எடுத்தா நல்லாப் பழகிரலாம்ல? ஆறாயிரம் ரூபா சேத்து வச்சிருக்கேன்."

புதுசாகக் கேமராவோ நல்ல போனோ கைக்கு வந்த எல்லாருக்கும் இந்த ஆசை வரும். அழகான இடத்துக்குப் போனால் அழகான படம் வரும் என்று தோன்றும். போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆறாயிரம் ரூபாயையும் நாலு நாளையும் எங்கே போட்டால் அவன் கை தேறும் என்று யோசித்தால் பதில் வேறாக இருந்தது.

அவன் முன்னால் நாலு வழி இருந்தது. ஒன்று, அவன் கேட்ட மாதிரி வெளியூர். இரண்டு, வீட்டில் இருக்கும் பாத்திரத்தையும் காய்கறியையும் ஜன்னலோரம் வைத்து எடுப்பது. மூன்று, வீட்டு ஆட்களை எடுப்பது. நான்கு, பக்கத்துத் தெருவுக்கோ டீக்கடைக்கோ திரும்பத் திரும்பப் போய் எடுப்பது. நாலு வழியிலும் நான் கேமராவோடு அலைந்திருக்கிறேன். எதை முதலில் எடுத்துக்கொள்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. நான் அதில் தப்புச் செய்து ஒரு வருடத்தை இழந்தேன்.

நான்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். இன்றைக்குத் தப்பாக வந்த படத்தை நாளைக்கு அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் திருத்தி எடுக்க முடியுமா?

முதலில் வெளியூர். மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் இதே ஆசையில் போனேன். முதல் நாள் சாயங்காலம் பேருந்து நிலையத்துப் பக்கம் இருட்டில் எடுப்பதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 3200க்கு ஏற்றினேன். ஏற்ற ஏற்ற இருட்டிலும் படம் வரும், ஆனால் மணல் மணலாக வரும். மறுநாள் காலையில் பனி விலகி வெயில் வந்தபோது அதைக் கீழே இறக்க மறந்துவிட்டேன். அன்று முழுக்கத் தூண் பாறையையும் பைன் மரங்களையும் எடுத்துத் தள்ளினேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோதுதான் மரத்தின் நிழலெல்லாம் மணல் தூவிய மாதிரி இருந்தது. வானம் வெளுத்துப் போய், பாறை விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. திருத்தி எடுக்கலாம் என்றால் கொடைக்கானல் அடுத்த தெருவிலா இருக்கிறது?

வெளியூர்ப் பயணத்தின் சிக்கல் இதுதான். இடம் புதுசு, வெளிச்சம் புதுசு, கூட வந்தவர்களுக்குப் பசி, பஸ்ஸுக்கு நேரம். அத்தனைக்கும் நடுவில் கேமராவும் புதுசாக இருந்தால் எது எதனால் தப்பானது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. இன்னொன்று, அழகான இடம் நம் குறையை மூடிவிடும். பனி படர்ந்த பள்ளத்தாக்கை எப்படி எடுத்தாலும் நாலு பேர் லைக் போடுவார்கள். அந்தப் பாராட்டு பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர வேண்டியது. கை பழகியவருக்கு வெளியூர் பெரிய விருந்து, அதை நான் மறுக்கவில்லை. பழகுகிறவருக்கு அது கடைசி.

சரி, அடுப்படிக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் ஐஎஸ்ஓ 400, எஃப் 4 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் சின்னதானால் துவாரம் பெரிது), ஷட்டர் 1/125 (வெளிச்சம் உள்ளே விழும் நேரம், நொடிக் கணக்கில்) வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே அறையின் உட்சுவர்ப் பக்கம் போனால் ஷட்டர் 1/15 வரை இறங்கிவிடும். நம் கண் தானாகச் சமாளித்துக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதே இல்லை. ஒரே அறைக்குள் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் நான் முதன்முதலில் உணர்ந்தேன்.

மருமகனுக்கு நான் கொடுத்த முதல் பாடம் இட்லி. வெள்ளைத் தட்டில் நாலு இட்லி, பின்னால் வெள்ளைச் சுவர். எதையும் மாற்றாமல் கேமராவின் போக்கில் எடுக்கச் சொன்னேன். படத்தில் இட்லி சாம்பல் பூத்து, நேற்று மாவில் ஊற்றிய மாதிரி வந்தது. அப்புறம் அதே இடத்தில் இரும்புத் தோசைக்கல்லை வைத்து எடுத்தான். கன்னங்கரேலென்று இருக்கும் கல் படத்தில் வெளிறிப் போய்ச் சாம்பல் நிறமாக வந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவனே பிடித்துவிட்டான்: கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கிறது. வெள்ளை நிறைந்த காட்சியைக் கீழே இழுக்கிறது, கறுப்பு நிறைந்ததை மேலே தூக்குகிறது. ஆகவே இட்லிக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் கூட்டி இரண்டு மடங்காக்க வேண்டும், தோசைக்கல்லுக்கு ஒரு ஸ்டாப் குறைத்துப் பாதியாக்க வேண்டும். வெள்ளை வேட்டி கட்டியவரையும் கறுப்புக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளையையும் கல்யாண வீட்டில் எடுக்கும்போது வேண்டியதும் இதே கணக்குத்தான். இட்லியில் கற்றுக்கொண்டால் இட்லி ஆறிப் போவதைத் தவிர ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்தது கத்தரிக்காய். அந்த ஊதாத் தோலின் பளபளப்பு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு பெரியது என்று அப்படியே காட்டிக் கொடுக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் காயின் மேல் ஜன்னலின் முழு உருவமும், கம்பி உட்படத் தெரியும். நிழல் ஓரம் மெத்தென்று கரையும். நாலடி உள்ளே தள்ளி வைத்தால் பளபளப்பு சின்னப் புள்ளியாகச் சுருங்கும், நிழலின் ஓரம் கூர்மையாகும். நேர் வெயில் விழும் நேரத்தில் ஜன்னலில் ஒரு பழைய வேட்டியைக் கட்டிப் பாருங்கள், வெயில் முழுக்க அந்த வேட்டியில் பரவி மென்மையாகிவிடும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை நிறுத்தினால் இருண்ட பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். ஸ்டுடியோக்காரர்கள் பெரிய பெட்டி விளக்கும் குடையும் வைத்துச் செய்வதன் அடிப்படை அவ்வளவுதான்.

1930ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன் என்ற போட்டோக்காரர் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் இன்றைக்கும் போட்டோ உலகத்தில் பேசப்படுகிறது. புனலின் உட்புறம் வெளிச்சத்தை வாங்கி மிளகாயைச் சுற்றிலும் பூசியது. அந்தப் படத்தின் பெயரே 'குடைமிளகாய் எண் 30'. அதற்கு முன்னும் அவர் குடைமிளகாய்களை விடாமல் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் புனலுக்குப் பதிலாக எவர்சில்வர் அன்னக்கூடையைப் படுக்கப் போட்டு உள்ளே ஒரு குடைமிளகாயை வைத்தோம். வெஸ்டனின் படம் மாதிரி வரவில்லை. ஆனால் மிளகாயின் மடிப்பு ஒவ்வொன்றிலும் மெல்லிய வெளிச்சக் கோடு ஓடியதைப் பார்த்து மருமகன் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அடுப்படியில் இருப்பதிலேயே கஷ்டமான பாடம் எவர்சில்வர் டம்ளர். இதில்தான் அவன் மூன்று நாள் மாட்டினான். டம்ளருக்கென்று தனி நிறம் கிடையாது. சுற்றி இருப்பதை எல்லாம் வளைத்துக் காட்டும். முதல் படத்தில் அவனுடைய சிவப்புச் சட்டையும் கேமராவும் டம்ளரின் வயிற்றில் நீளமாகத் தெரிந்தன. சட்டையை மாற்றி, தள்ளி நின்று, 50 எம்எம் லென்ஸில் எடுத்தான். உருவம் சின்னதானது. ஆனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் டம்ளரின் ஓரம் சுவரோடு கலந்து காணாமல் போயிற்று. "இதுக்கு ஓரம் எங்க போச்சு மாமா?" என்று கேட்டான். ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரை இரண்டாகக் கிழித்து டம்ளருக்கு இரண்டு பக்கமும், படத்தில் விழாத தூரத்தில் நிறுத்தச் சொன்னேன். அவ்வளவுதான், இரண்டு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு இறங்கி, மை தொட்டு வரைந்த மாதிரி டம்ளர் எழுந்து நின்றது. பளபளப்பான பொருளில் வெளிச்சத்தைவிட இருட்டை எங்கே வைப்பது என்பதுதான் வேலை. கண்ணாடி போட்டவர் முகம், புது பைக், நகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பொருளை வைத்துப் பழகுவதில் ஒரு குறையும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அலுத்துவிடும். மூன்றாவது வாரம் கத்தரிக்காயைப் பார்த்தாலே கேமராவை எடுக்கக் கை வராது. டம்ளர் அசையாது, சிரிக்காது, கோபப்படாது. கணத்தைப் பிடிக்கும் பழக்கம் இதில் வரவே வராது. ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் இதையே செய்துகொண்டிருந்தால் படம் சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. ஆனால் அலுப்பு என்பது ஜன்னலின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. செக் நாட்டுப் போட்டோக்காரர் ஜோசஃப் சூடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் கேமராவோடு வெளியே நடமாடுவது கஷ்டமான 1940ல் அவர் பிராக் நகரில் தன் ஸ்டுடியோ ஜன்னலை எடுக்கத் தொடங்கினார். போர் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை, 1954 வரை எடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் படிந்த நீர்த்துளிகள், வெளியே ஒரு வளைந்த மரம், விளிம்பில் ஒரு தம்ளரோ பூவோ. அத்தனை வருடமும் அதே ஜன்னல்.

மூன்றாவது வழி, வீட்டு ஆட்கள். பொருளைவிட இது ஒரு படி கஷ்டம், வெளியூரைவிடப் பல மடங்கு பலன். வீட்டில் இருப்பவர்கள் நாளைக்கும் இருப்பார்கள், அதே நாற்காலியில் அதே நேரத்தில் உட்காருவார்கள். என் அம்மா காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்வார். ஒரு வருடத்தில் அந்த ஒரு காட்சியை நான் நூறு தடவையாவது எடுத்திருப்பேன்.

முதலில் கற்றுக்கொண்டது கண்ணில் விழும் ஒளிப்புள்ளி. முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தால் கருவிழியில் ஜன்னல் சின்னதாகத் தெரியும், முகத்துக்கு உயிர் வரும். முகத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினால் புள்ளி போய்விடும், கண் குழியாகிவிடும். ஒரே ஆள், ஒரே நாற்காலி, நாற்காலியை ஒரு சாண் திருப்பியதில் வந்த வித்தியாசம் இது. அடுத்தது ஃபோகஸ். படம் பதியும் சென்சார் சின்னதாக இருக்கும் கேமராவில் 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8ல் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். அம்மா கீரையைப் பார்க்க ஒரு தடவை குனிந்தாலே தப்பிவிடும். எஃப் 4க்கு மாறினால் மூச்சு விட இடம் கிடைக்கும். லென்ஸ் வாங்கிய புதிதில் எல்லாரும் 1.8லேயே எடுப்பார்கள், பின்புலம் கரைவது அவ்வளவு ஆசையாக இருக்கும். வீட்டு ஆளை ஒரு மாதம் எடுத்தால் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் வீட்டு ஆட்களுக்குப் பொறுமை அளவோடுதான் இருக்கும். "டேய், எத்தனை தடவைடா இதே கீரையை எடுப்ப, போய் வேற வேலை இருந்தாப் பாரு" என்று அம்மா சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான். கேமராவைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொள்வது இன்னொரு தொல்லை. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து கையில் வேலை இருக்கும்போது எடுப்பது. கீரை, பூ, ஊசி நூல், செய்தித்தாள் எதுவாக இருந்தாலும் சரி. கை வேலையில் இருந்தால் முகம் தன்பாட்டில் இருக்கும். அப்புறம், எடுத்த படத்தில் அவர்களுக்குப் பிடிக்காததை அழித்துவிட வேண்டும். அம்மா வேண்டாம் என்று சொன்ன எந்தப் படத்தையும் நான் வைத்துக்கொண்டதில்லை. மறுநாளும் அவர் கேமராவுக்கு முன்னால் சலிக்காமல் உட்காருவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கப் போட்டோக்காரர் நிக்கலஸ் நிக்ஸன் 1975 முதல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வருடத்துக்கு ஒரு படமாக எடுத்து வந்தார். நால்வரும் நிற்கும் வரிசைகூட மாறவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேல் ஓடிய அந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்கு என் அம்மாவின் கீரைப் படங்களை ஏன் விடாமல் எடுக்கிறேன் என்று புரிகிறது. பழக்கத்துக்காகத் தொடங்கிய படங்கள் அவை. இப்போது வீட்டிலேயே அதைவிடப் பெரிய சொத்து எனக்கு இல்லை.

நான்காவது, தெரு. மதுரையில் இருந்துகொண்டு கோபுரத்தை எடுக்காமல் இருக்க முடியாது, ஆனால் பழக்கத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். 1858லேயே லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டன் காகித நெகட்டிவ்களை வைத்து இந்த ஊரை எடுத்துவிட்டார். இன்றைக்கும் சித்திரை வீதியில் நின்று எல்லாரும் ஒரே மூலையிலிருந்து அண்ணாந்து எடுக்கிறோம். கோபுரம் பிரமாதமாக இருக்கும், நம் படம் ஒன்றும் சொல்லாது. கோயிலுக்குள்ளே போனும் கேமராவும் கொண்டு போக முடியாது என்பதால் அந்த யோசனையே வேண்டாம். நான் சொல்வது உங்கள் தெருமுனை டீக்கடை.

ஷட்டர் ஸ்பீட் என்றால் என்ன என்று டீ மாஸ்டரைவிட நன்றாக யாரும் சொல்லித் தர முடியாது. அவர் டீயைத் தூக்கி ஆற்றும்போது 1/1000ல் எடுத்தால் காற்றில் துளித் துளியாகச் சிதறி நிற்கும். 1/60ல் அது ஒரு கயிறு. 1/15க்கு இறங்கினால் கயிறு பட்டு மாதிரி வழியும், மாஸ்டரின் கையும் மங்கிப் போகும். அவர் முகம் மட்டும் அசையாமல் இருந்தால் அந்தப் படத்துக்கு ஈடே இல்லை. ஆவியைப் படம் பிடிப்பதுதான் தனிக் கலை. பாய்லரின் ஆவியை முன்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும்போது எடுத்தால் ஒன்றுமே தெரியாது. காலை வெயில் அவருக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், ஆவிக்குப் பின்புலம் இருட்டாக இருக்க வேண்டும். கடையின் உட்பக்கம் புகை படிந்து கறுத்திருப்பது இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். நான் நின்று எடுக்கும் கடையில் இந்த வெளிச்சம் ஏழேகாலிலிருந்து ஏழே முக்கால் வரைதான். ஒன்பது நாள் போய்த்தான் அந்த நேரத்தைக் கண்டுபிடித்தேன்.

நம் ஊரில் வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூரியன் இங்கே செங்குத்தாக ஏறி இறங்குகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் நீண்ட பொன்வெயில் நேரம் நமக்குக் கிடையாது. காலையிலும் சாயங்காலமும் அரை மணி நேரம் போலத்தான். சித்திரை முதல் வாரத்தில் மதுரையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் நடுத்தெருவில் நிற்பவரின் கண் இரண்டும் கறுப்புக் குழியாகிவிடும். அப்போது தெருவை எடுக்கவே முடியாதா என்றால், முடியும். கடைத் தார்ப்பாயின் நிழலுக்குள், ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே ஆளை நிற்கச் சொல்லுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஏறும். இந்த வெளிச்சத்தைத் தெருவில் தினமும் நடக்கிறவர்தான் கண்டுபிடிப்பார், கொடைக்கானலில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டும் நல்ல பள்ளிக்கூடம், ஆனால் மேல் வகுப்பு. விடிவதற்கு முன் மேலே எல்இடி பல்பு, வாசலில் நீல வெளிச்சம், இரண்டும் ஒரே முகத்தில் விழும்போது வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் எதை வைத்தாலும் சரியாக வராது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். சாக்கில் குவித்த மல்லிகை மொட்டு கொஞ்சம் வெளிச்சம் கூடினாலே வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மொட்டின் காம்புப் பச்சையும் இதழின் மடிப்பும் காணாமல் போகும். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் கேமரா திரையில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் தப்பிக்கலாம். இட்லியை ஒழுங்காக எடுக்கத் தெரியாதவர் இங்கே வந்தால் கூட்டத்தில் இடிபட்டு, மூட்டை தூக்குகிறவர்களுக்கு இடைஞ்சலாக நின்று, வெள்ளைத் திட்டோடு வீடு திரும்புவார்.

தெருவில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆட்களிடம் பேச வேண்டும். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தூரத்தில் ஒளிந்து நின்று எடுக்கிறார்கள். அந்தப் படங்களில் எல்லாருடைய முதுகும்தான் இருக்கும். கேட்டு, வேண்டாம் என்றால் சரிங்கண்ணே என்று நகர்ந்துவிட வேண்டும். குழந்தைகளை அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. டீ மாஸ்டருக்கு நான் ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். லேப்பில் 15 ரூபாய் ஆனது. அவர் அதைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். "சார், இன்னைக்கு எடுக்கலையா?" என்று இப்போது அவரே கேட்கிறார்.

இப்போது நாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், யாருக்கு எது என்பது அவரவர் படத்தின் குறையைப் பொறுத்தது. படம் ஒரு நாள் இருட்டாகவும் ஒரு நாள் வெளுத்தும் வருகிறது, காரணம் தெரியவில்லை என்றால் நேராக அடுப்படிக்குப் போங்கள். மூன்று நாலு வாரம் போதும். வெளிச்சம் சரியாக வருகிறது, ஆனால் ஆட்கள் எல்லாரும் ஆதார் அட்டைப் படம் மாதிரி விறைத்து நிற்கிறார்கள் என்றால் அம்மாவோடு ஜன்னலோரம் உட்காருங்கள். இரண்டும் வருகிறது, படம் மட்டும் சப்பென்று இருக்கிறது என்றால் டீக்கடை. முழுக்கப் புதியவருக்கு இந்த வரிசையையே சொல்வேன்: பொருள், வீட்டு ஆள், தெரு, அப்புறம்தான் ஊர். நேரக்கணக்கும் இதற்குத்தான் சாதகம். வேலைக்குப் போகிறவருக்குத் தினமும் இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். இருபது நிமிடத்தில் டம்ளரை எடுக்கலாம், பூ மார்க்கெட்டுக்குப் போய் வர முடியாது.

கேமரா இல்லை, போன்தான் என்பவர்களுக்கும் வரிசை மாறாது. போன் தானே பலதைத் திருத்திவிடுவதால் நம் தப்பு நமக்குத் தெரியாமல் போகலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். திரையைத் தொட்டால் வரும் சூரியன் குறியை மேலும் கீழும் இழுத்து இட்லிப் பாடத்தைப் படிக்கலாம். முகத்தை எடுக்கும்போது மட்டும் பக்கத்தில் போகாதீர்கள். போனின் முக்கிய லென்ஸ் அகலமானது, கிட்டே போனால் மூக்கு பெருத்துவிடும். இரண்டடி பின்னால் வந்து 2 எக்ஸ் வைத்து எடுங்கள். வருடம் முழுக்கத் தினமும் ஒரு படம் என்று சபதம் எடுப்பவர்களையும் பார்க்கிறேன். நல்ல முயற்சிதான், ஆனால் தினமும் வேறு வேறு பொருளாக இருந்தால் நேற்றைய படத்தோடு ஒப்பிட ஒன்றும் இருக்காது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

எந்த வழியானாலும் ஒரு பழக்கத்தை மட்டும் விடக் கூடாது. ஒரு நாளைக்கு இருபது படம் எடுத்தால் ராத்திரி உட்கார்ந்து ஒன்றைத் தவிர மற்றதைத் தள்ளிவிட வேண்டும். அந்த ஒன்று ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். மருமகனின் நோட்டில் முதல் பக்கத்தில் "இட்லி +1, கல்லு -1" என்று இருக்கிறது. பதினாலாவது பக்கத்தில் "அம்மாச்சி ஜன்னலப் பாத்தா கண்ணுல வெளிச்சம் வருது" என்று எழுதியிருக்கிறான்.

ஆறாயிரம் ரூபாய் இன்னும் அவனிடமே இருக்கிறது. டிசம்பரில் கொடைக்கானல் போகலாம் என்றிருக்கிறான், நானும் கூடப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு மல்லிகைப்பூக் கட்டிக்கொண்டிருந்தார். அவன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எஃப் 4ல் எடுத்துக்கொண்டிருந்தான். மொட்டு ஒவ்வொன்றும் தனித் தனியாக வந்திருந்தது, அம்மாவின் விரல் நடுவில் நார் இறுகும் அந்த முடிச்சும் தெரிந்தது. முகம் மட்டும் கொஞ்சம் இருட்டு. அவனே பார்த்து உதட்டைப் பிதுக்கினான். தெர்மகோலை இடது பக்கம் வைத்திருக்க வேண்டும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தான்.

"அம்மாச்சி, நாளைக்கும் இதே நேரத்துக்கு இங்க உக்காருறீங்களா?"

"பூ வாங்கிட்டு வந்து குடு, உக்காருறேன்."